சுரங்கத் தொழிலும் கிராம வருமானமும்

ஒரு கிராமத்தின் புஞ்சையில் துளையிடும் யந்திரம் வந்து நின்று, பூமிக்கடியிலிருந்து பாறையை உருளை உருளையாக எடுத்துப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினால், அன்று மாலைக்குள் அவ்வூரில் நில விலை ஏறிவிடுகிறது. நேற்றுவரை ஏக்கர்க் கணக்கில் பேசியவர்கள் இன்று சென்ட் கணக்கில் பேசத் தலைப்படுகிறார்கள். கடலை விதைப்பதற்காக உழுது வைத்திருந்தவர், விதைப்பதா விற்பதா என்று தயங்குகிறார். கிணறு வெட்டக் கடன் கேட்டிருந்தவர் அந்த எண்ணத்தையே ஒத்தி வைக்கிறார். "சுரங்கம் வந்தால் ஊர் பிழைத்துக்கொள்ளும்" என்பது ஒரு கட்சி. "சுரங்கம் வந்தால் ஊர் பாழாகிவிடும்" என்பது மற்றொரு கட்சி. இரு கட்சியாரும் எங்கோ ஓர் ஊரைச் சாட்சியாகக் காட்டுவர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஒன்றேனும் முழு உண்மையன்று.

ஒரு சுரங்கத்தில் எத்தனை டன் வெட்டி எடுக்கப்படுகிறது என்பதைக் கொண்டு சுற்றுப்புறக் கிராமங்களின் வருமானத்தை மதிப்பிடுதல் தவறு. அச்சுரங்கம் உள்ளூரில் எதை வாங்குகிறது, யாருக்கு வேலை கொடுக்கிறது, நீரையும் நிலத்தையும் எந்த நிலையில் வைத்திருக்கிறது, கைக்கு வந்த பணத்தை ஊரார் எதில் முதலிடுகிறார்கள் ஆகிய நான்கையும் கொண்டே அதனை மதிப்பிட வேண்டும். முதல் மூன்றும் சுரங்கத்தாரையும் சர்க்காரையும் பொறுத்தவை போலத் தோன்றினும், நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் முன்கூட்டியே விழிப்புடன் இருந்தால் அவற்றையும் ஓரளவு தங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். பிற இடங்களின் அனுபவம் இதனைத் தெளிவாகக் காட்டுகிறது.

பணம் ஏன் ஊரில் தங்குவதில்லை?

பெரிய சுரங்கம் என்பது பெரும்பாலும் யந்திரங்களின் வேலை. நூறு பேர் மண்வெட்டி பிடித்துச் செய்த வேலையை இன்று ஒரே யந்திரம் சில நாழிகைகளில் செய்து முடிக்கிறது. அதனை ஓட்டுவோரும் பழுது பார்ப்போரும் தொழிற்பயிற்சி பெற்றவர்கள், பெரும்பாலும் வெளியூரார். வெடிமருந்து, எண்ணெய், சக்கரம், உதிரிப் பாகம் யாவும் தூரத்து நகரங்களிலிருந்து வருகின்றன. வெட்டியெடுத்த பொருள் உருக்காலைக்கோ துறைமுகத்துக்கோ போய்விடுகிறது. லாபம் பங்குதாரரிடம் சேருகிறது. ஊர் வழியே விரைந்தோடும் லாரி புழுதியை மட்டும் ஊருக்குக் கொடுத்துச் செல்வதுபோல, பெருந்தொகை ஒன்று ஒரு பிரதேசத்தின் வழியாக ஓடியும் அங்கே தங்காமற் போதல் சாத்தியமே. தொலைவான, வறண்ட பிரதேசங்களில் இது இன்னும் எளிதில் நேரும். அங்கே விற்பதற்குக் கடையில்லை, வேலைக்கேற்ற படிப்பில்லை, பண்டம் அனுப்ப நல்ல பாதையும் இல்லை.

பெரு நாட்டின் மலைக் குடியானவர்கள்

தென் அமெரிக்காவில் பெரு என்னும் நாட்டின் வடபகுதியில், ஆண்டீஸ் மலைத்தொடரின்மீது கஹமார்க்கா என்னும் பிரதேசம் உண்டு. உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் பயிரிட்டு, கறவை மாடு வளர்த்து, பாலும் பாலாடைக்கட்டியும் விற்றுப் பிழைக்கும் சிறு குடியானவர் நிறைந்த நாடு அது. அங்கே கடல் மட்டத்துக்கு மேல் 11,000 அடிக்கும் அதிகமான உயரத்தில், யனகோச்சா என்னும் பொற்சுரங்கம் 1993-ஆம் ஆண்டில் பொன் எடுக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது உலகின் மிகப் பெரிய பொற்சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. 2005-ஆம் ஆண்டில் மட்டும் 100 டன் அளவுக்குப் பொன் எடுக்கப்பட்டது.

தொடக்கத்தில் சுரங்கத்தின் தேவைகள் பெரும்பாலும் வெளியிலிருந்தே வாங்கப்பட்டன. 2000-ஆம் ஆண்டையொட்டி, உள்ளூராரை வேலைக்கு அமர்த்துவதையும் உள்ளூர் வியாபாரிகள், ஒப்பந்தக்காரர்களிடம் பொருள் வாங்குவதையும் பெருக்க வேண்டும் என்ற கொள்கை அமலுக்கு வந்தது. இதன் பயனைப் பெர்னாண்டோ அரகோன், ஹுவான் பாப்லோ ருட் என்னும் இரு பொருளாதார நிபுணர்கள் 1997 முதல் 2006 வரையில் எடுக்கப்பட்ட குடும்பக் கணக்குகளைக் கொண்டு ஆராய்ந்து, 2013-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சுரங்கம் உள்ளூரில் செய்யும் செலவு 10 சதவீதம் பெருகியபோது, கஹமார்க்கா நகரத்தைச் சுற்றியிருந்த குடும்பங்களின் உண்மை வருமானம் சுமார் 1.7 சதவீதம் உயர்ந்தது என்று அவர்கள் கண்டார்கள். நகரத்திலிருந்து தூரம் செல்லச் செல்ல இப்பயன் தேய்ந்து போயிற்று.

இதில் குடியானவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வருமானம் உயர்ந்தவர்களுள் சுரங்கத்தில் காலடி வைத்தறியாதவர்களும் இருந்தனர். சுரங்கத்திலும் அதனைச் சார்ந்த பட்டறைகளிலும் கூலி பெற்றவர்கள் அக்கூலியைக் கொண்டு அங்காடியில் கிழங்கும் சோளமும் வாங்கினர். உள்ளூர் விளைபொருளின் விலை உயர்ந்தது. விற்ற குடியானவருக்கு அதனால் லாபம் கிடைத்தது. அதே சமயத்தில் வீட்டு வாடகையும் உயர்ந்தது. விளைவித்து விற்பவருக்கு விலையேற்றம் வரவு. வாங்கி உண்பவருக்கு அதுவே செலவு. செலவைக் கழித்த பிறகும் வரவே மிஞ்சியதாகக் கணக்கு காட்டியது.

மற்றொரு செய்தி இதனினும் முக்கியமானது. சுரங்கத்தாரிடமிருந்து வசூலாகும் வருமான வரியில் பாதியைச் சுரங்கம் உள்ள பிரதேசத்துக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பெரு நாட்டில் 2001-ஆம் ஆண்டில் சட்டம் ஏற்பட்டது. அதன்படி அங்குள்ள நகரசபைகளின் கஜானாவில் பணம் நிறைந்தது. அவை செலவு செய்யவும் செய்தன. ஆயினும் குடும்பங்களின் வருமானம் உயர்ந்ததற்கு அச்செலவு காரணமாக இருந்ததென்று மேற்படி ஆராய்ச்சியில் காணப்படவில்லை. சந்தையின் வழியாக வந்த பணம் அடுப்பங்கரை வரை எட்டியது. கஜானாவின் வழியாக வந்த பணம் அவ்வாறு எட்டவில்லை. தங்கள் ஊருக்கு எது தேவை என்று திட்டமாகக் கேட்பாரில்லாத இடத்தில் பொதுப்பணம் எவ்வளவு வந்தும் பிரயோஜனமில்லை என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம்.

இக்கதையின் மறுபக்கத்தையும் கூறாமலிருப்பது நேர்மையாகாது. 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சுரங்கத்திலிருந்து பாதரசம் ஏற்றிச் சென்ற லாரியிலிருந்து சுமார் 150 கிலோ பாதரசம் வழியோரக் கிராமங்களில் சிந்தியது. அதன் விஷத்தன்மையை அறியாத ஜனங்கள் அதைக் கையால் பொறுக்கி வீட்டுக்கு எடுத்துச் சென்று நோய்ப்பட்டனர். 2004-ஆம் ஆண்டில், நகரத்துக்கு நீர் தரும் கிலிஷ் என்னும் மலையைத் தோண்ட முயன்றபோது ஜனங்கள் பாதையை மறித்து நின்றனர்; அம்முயற்சி கைவிடப்பட்டது. 2011-ஆம் ஆண்டில், மலைமேலுள்ள ஏரிகள் சிலவற்றை வற்றச் செய்து தோண்டுவதாக இருந்த கொங்கா என்னும் திட்டமும் பெருங்கிளர்ச்சிக்குப் பின் நிறுத்தப்பட்டது. சுரங்கம் தொடங்கிக் கால் நூற்றாண்டு கழிந்து, 2018-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சர்க்கார் எடுத்த கணக்கிலும் கஹமார்க்கா அந்நாட்டின் மிக வறிய பிரதேசமாகவே குறிக்கப்பட்டது.

வருமானம் உயர்ந்தது என்பதும், பிரதேசம் வறுமையில் கிடக்கிறது என்பதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றலாம். உண்மையில் முரண்பாடில்லை. சந்தைக்கு அருகிலிருந்து விற்க முடிந்தவர்கள் பயனடைந்தார்கள். தொலைவிலுள்ள மலைக் கிராமத்தார் அடையவில்லை. சுரங்கம் வாங்கும் காலத்தில் வருமானம் ஏறியது. வெட்டும் அளவு குறையும்போது அவ்வூக்கமும் குறையும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது மடை திறந்து வைத்த வயலுக்கே பாய்ச்சல் உண்டு.

பயிருக்கு நேரும் நஷ்டம்

வரவுப் பக்கம் இவ்வாறிருக்க, பற்றுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கானா நாட்டில், கோக்கோவும் மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிராகும் பிரதேசங்களில் பொற்சுரங்கங்கள் விரிவடைந்து வந்தன. மேற்கூறிய இரு நிபுணர்களே அங்குள்ள குடியானவர்களின் விளைச்சல் கணக்கையும் ஆராய்ந்து 2016-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சுரங்கங்களுக்கு 20 கிலோமீட்டருக்குள், அதாவது சுமார் 12 மைலுக்குள் இருந்த பண்ணைகளில், அதே அளவு நிலமும் உழைப்பும் இட்டும், 1997-க்கும் 2005-க்கும் இடையில் விளைவுத் திறன் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்துவிட்டதென்று அவர்கள் கண்டனர். ஆட்கள் சுரங்கத்துக்குப் போய்விட்டதோ நிலம் பறிபோனதோ இதற்குக் காரணமாகத் தோன்றவில்லை. காற்று மாசடைந்ததே காரணமாகத் தோன்றியது. அப்பகுதிகளில் வறுமையும் மிகுந்தது.

இவ்விஷயம் பயிர்த்தொழில் அறிந்தவர்களுக்கு வியப்பளிக்காது. இலையின்மீது புழுதி படிந்தால் சூரிய வெளிச்சம் உள்ளே செல்வது குறைகிறது. இலைத் துளைகள் அடைபடுகின்றன. பயிர் தன் உணவைத் தயாரிக்கும் சக்தி தாழ்கிறது. பூக்கும் பருவத்தில் புழுதி படிந்தால் மகரந்தச் சேர்க்கை கெட்டுக் காய்ப்பிடிப்பு குறையும். கல்லுடைக்கும் யந்திரத்துக்கு அருகிலுள்ள மாந்தோப்புகளைக் கண்டவர்கள் இதனை நன்கு அறிவர். இத்தகைய நஷ்டத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நிலம் எடுக்கப்பட்டவர் பெயர் ஜாபிதாவில் ஏறுகிறது; அவருக்கு ஈட்டுத்தொகை கிடைக்கிறது. நிலம் எடுக்கப்படாமல், எல்லைக்கு அப்பால் நின்று, மூட்டைக்கு மூட்டை விளைச்சல் குறைந்து வருபவரின் பெயர் எந்த ஜாபிதாவிலும் ஏறுவதில்லை.

நீரின் கதையும் இத்தகையதே. நெய்வேலியில் 1956-ஆம் ஆண்டில் கம்பெனி ஏற்பட்டு, அடுத்த ஆண்டில் சுரங்க வேலை தொடங்கியது. அங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே பெரும் அழுத்தத்துடன் ஊற்றுநீர் நிற்கிறது. அந்நீரை இடைவிடாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாலன்றி நிலக்கரியை வெட்ட முடியாது. இறைக்கப்படும் நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்குச் சென்று வயல்களுக்குப் பாய்கிறது. அவ்வயல்களுக்கு அது வரவு. நிலத்தடி நீரை நம்பிக் கிணறு வைத்திருப்பவருக்கு மட்டம் இறங்கும் ஒவ்வோர் அடியும் செலவு. ஒரே நீர் ஒருவருக்கு லாபமாகவும் மற்றொருவருக்கு நஷ்டமாகவும் ஆகும்போது, இரு கணக்கையும் ஒன்றாக எழுதிப் பார்க்காமல் "லாபம்" என்றோ "நஷ்டம்" என்றோ தீர்ப்புச் சொல்லுதல் கூடாது.

விதைநெல்லைக் குற்றித் தின்னலாகாது

ஈட்டுத்தொகை வருமானம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது வருமானமன்று, நிலம் என்னும் முதல் பணம் என்னும் முதலாக மாறியதேயாகும். ஒரு குடியானவருக்கு 2 ஏக்கர் புஞ்சை உண்டென்றும், அதற்கு ரூபாய் 20 லட்சம் கிடைத்ததென்றும் வைத்துக்கொள்வோம். அந்நிலம் அவருக்கு ஆண்டுதோறும் விற்றுமுதல் மட்டுமா தந்தது? வீட்டுக்குத் தானியம் தந்தது. மாட்டுக்குத் தட்டை தந்தது. அந்த மாடு பாலும் எருவும் தந்தது. குடும்பத்தார் நால்வருக்கு ஆண்டில் பல மாதம் சொந்த வேலை தந்தது. கடன் கேட்கும்போது ஈடாக நின்றது. இவையனைத்தையும் ரூபாயாக்கிக் கூட்டிப் பார்த்த பிறகே 20 லட்சம் பெரிதா சிறிதா என்று சொல்ல முடியும். அத்தொகையில் ஒரு வாகனமும் ஒரு கல்யாணமும் ஒரு மாடியும் போய்விட்டால், மூன்றாம் ஆண்டில் அக்குடியானவர் நிலமுமில்லாமல் பணமுமில்லாமல் நிற்பார். விதைநெல்லைக் குற்றித் தின்றவனுக்கு அடுத்த பருவத்தில் வயல் இருந்தும் பயனில்லை; இவருக்கோ வயலும் இல்லை.

நிலமுடையோர் நிலையே இவ்வாறாயின், பட்டா இல்லாதவர் நிலை என்ன? வாரத்துக்கும் குத்தகைக்கும் பயிரிட்டவர், களையெடுப்பும் அறுப்பும் நம்பியிருந்த கூலியாட்கள், புறம்போக்கில் ஆடு மேய்த்தவர் ஆகியோருக்கு நில விலையில் பங்கில்லை. நிலம் போன மறுநாளே அவர்களுடைய வருமானமும் போய்விடுகிறது. 2013-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நில எடுப்புச் சட்டம், நிலம் எடுக்கப்படுவதற்கு முன் மூன்று ஆண்டுகள் அந்நிலத்தைச் சார்ந்து பிழைத்த குத்தகைதாரரையும் விவசாயத் தொழிலாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பத்தாராக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அவர் அங்கே உழைத்தார் என்பதற்குச் சாட்சி எது? கிராமக் கணக்கே சாட்சி. அடங்கலில் உண்மையான சாகுபடியாளரின் பெயர் எழுதப்படாவிட்டால் சட்டம் அவருக்குக் கைகொடுக்காது. குத்தகைதாரர் பெயரை எழுதினால் பிற்காலத்தில் உரிமை கோருவார் என்று நிலமுடையோர் அஞ்சுவதும், அவர்கள் மனம் நோகுமென்று அதிகாரி அவ்விடத்தைக் காலியாக விடுவதும் பல ஊர்களில் வழக்கமாயிருக்கின்றன. பல ஆண்டுகள் தம் நிலத்தில் வியர்வை சிந்தியவரை நட்டாற்றில் விடுவதற்கு இவ்வழக்கமே காரணமாகுமாயின், அதனை இன்றே விட்டொழிப்பது நியாயமாகும்.

சுரங்கம் வந்தால் கூலி உயர்ந்துவிடும், நடவுக்கு ஆள் கிடைக்காது என்பது நிலமுடையோரின் மற்றொரு முறையீடு. கூலி உயர்வது உண்மை. ஆனால் அதனை ஊருக்கு நேர்ந்த கேடென்று சொல்வது பொருந்தாது. கூலி பெறுபவரும் ஊராரே. அவர் கையில் சேரும் காசே உள்ளூர்ச் சந்தையில் காய்கறிக்கும் பாலுக்கும் விலையாகத் திரும்பி வரும் என்பதைக் கஹமார்க்காவில் கண்டோம். ஆள் குறைந்த இடத்தில் நடவு யந்திரத்தைக் கூட்டாக வாடகைக்கு எடுப்பதும், தீவனப்பயிர், பழத்தோட்டம், கறவை மாடு ஆகியவற்றின் பக்கம் திரும்புவதுமே குடியானவர் செய்யத்தக்கவை.

கோலாரில் எஞ்சி நின்றவை

சுரங்கம் நடக்கும் காலத்தைவிட, அது மூடப்படும் காலமே உண்மையான பரீட்சைக் காலம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கென்டக்கி, ஒஹையோ, பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா ஆகிய நான்கு மாகாணங்களின் நிலக்கரிப் பகுதிகளைப் பற்றி 2005-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. 1970-களில் நிலக்கரித் தொழில் செழித்தபோது, சுரங்கத்தில் 10 பேருக்கு வேலை கிடைத்தால் உள்ளூர்க் கடை, கட்டிட வேலை முதலியவற்றில் இருவருக்கும் குறைவாகவே புதிதாக வேலை கிடைத்தது. 1980-களில் தொழில் நலிந்தபோதோ, சுரங்கத்தில் 10 பேர் வேலை இழந்தால் மற்றத் தொழில்களில் மூன்று நான்கு பேர் வேலை இழந்தனர். ஏறும்போது ஒரு படி, சறுக்கும்போது இரண்டு படி என்பது அதன் சாரம்.

நமக்கு மிக அருகிலேயே இதற்குக் கோலார் சாட்சியாக நிற்கிறது. 1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே பொன் எடுக்கத் தொடங்கினர். வட ஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து, சொந்த நிலமில்லாத தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே சென்று குடியேறின. 1902-ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர வீழ்ச்சியிலிருந்து 90 மைலுக்கு மேல் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே இறங்கியது. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் பொன் எடுக்கப்பட்டது. 1956-ஆம் ஆண்டில் அது சர்க்கார் வசமாயிற்று. ஆழம் மிக மிகச் செலவு வரவை விழுங்கியது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது.

மூடிய பிறகு அவ்வூரில் எஞ்சியவை எவை? பொன் பிரித்தெடுத்தபின் கொட்டிய, சயனைடு கலந்த மண், மலைகள் போலக் குவிந்து கிடக்கிறது. அதன் அளவு 3 கோடி டன்னுக்கு மேல். கோடைக் காற்றில் அப்புழுதி வீடுகளிலும் வயல்களிலும் படிகிறது. சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடியற்காலையில் ரயிலேறி, 60 மைல் தொலைவிலுள்ள பெங்களூருக்குப் போய் வேலை செய்து இரவில் திரும்புகிறார்கள். அவர்களுடைய முன்னோர் விட்டு வந்த ஊரில் அவர்களுக்கு நிலமில்லை; குடியேறிய ஊரிலும் வேலையில்லை.

கோலார் ஜில்லாவைப் பொன்னும் பாலும் பட்டும் விளையும் ஜில்லா என்று பாராட்டுவது வழக்கமாயிருந்தது. அம்மூன்றில் பொன் போய்விட்டது. பாலும் பட்டும் நிற்கின்றன. இவ்விரண்டோடு மாங்காயும் தக்காளியும் சேர்ந்தன. கோலாரின் தக்காளிச் சந்தை தென்னாட்டின் மிகப் பெரிய தக்காளிச் சந்தைகளுள் ஒன்று. ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு இல்லாத ஜில்லா அது. கறவை மாடும் மல்பெரித் தோட்டமும் வைத்துப் பராமரித்தவர்களின் வருமானம், 10,000 அடி ஆழத்துப் பொன்னைக் காட்டிலும் நீடித்து நின்றது. சுரங்கத்தின் ஆயுள் எவ்வளவு நீண்டதாயினும் அதற்கு முடிவு உண்டு. பேணப்பட்ட நிலத்துக்கு அத்தகைய முடிவு இல்லை.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றால் சுரங்கமே கூடாதென்பது கருத்தன்று. இரும்பும் நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் இன்றிக் கலப்பைக் கொழுவும் மோட்டாரும் அணைக்கட்டும் இல்லை. சுரங்கமோ பெரிய கல்குவாரியோ வரக்கூடிய ஊர்களில், அது வருமுன்பே சில காரியங்களைச் செய்து வைக்க வேண்டுமென்பதே கருத்து.

முதலாவது, இன்றைய நிலையை எழுதி வைத்தல். ஊரிலுள்ள ஒவ்வொரு கிணற்றின் நீர்மட்டத்தையும் கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் அளந்து, தேதியிட்டுக் குறித்து வைக்க வேண்டும். மண்ணையும் நீரையும் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, முடிவைப் பத்திரப்படுத்த வேண்டும். பெரிய பயிர்களின் விளைச்சலை ஏக்கருக்கு இவ்வளவு என்று பருவந்தோறும் எழுத வேண்டும். இக்குறிப்பு இல்லாதவர், பின்னாளில் தமக்கு நஷ்டம் நேர்ந்ததென்று எவ்வளவு முறையிட்டும் நிரூபிக்க வகையில்லை.

இரண்டாவது, அடங்கலை உள்ளபடி எழுதுதல். இதில் கிராம நிர்வாக அலுவலரின் பொறுப்பு பெரிது. நிலமுடையோரின் நல்ல மனம் அதனினும் பெரிது. மேய்ச்சல் புறம்போக்கையும் நீர்வழிகளையும் பற்றிய கணக்கும் பிசகின்றி இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, ஈட்டுத்தொகையை முதலாகவே வைத்தல். வேறிடத்தில் நிலம் வாங்குதல், உள்ள நிலத்தில் கிணறு ஆழப்படுத்திச் சொட்டு நீர்ப் பாசனம் அமைத்தல், கறவை மாடு, பிள்ளைகளின் தொழிற்படிப்பு ஆகியவை முதலிடத் தக்கவை. தொகையைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வைப்பது நலம். இருவர் சம்மதமின்றி எடுக்க முடியாத பணம் சற்று நிதானமாகவே செலவாகும்.

நான்காவது, விற்பதற்குச் சங்கமாகச் சேருதல். சுரங்கத்தின் உணவுக் கூடத்துக்கு நாள்தோறும் குறித்த நேரத்தில், குறித்த அளவில், ஒரே தரத்தில் பாலும் காய்கறியும் முட்டையும் வேண்டும். பணம் பட்டுவாடாவும் சில வாரம் தாமதித்தே வரும். தனிக் குடியானவரால் இது இயலாது. கூட்டுறவுச் சங்கமாகவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ சேர்ந்தால் இயலும். உள்ளூரில் இன்னின்ன பொருளை வாங்க வேண்டுமென்ற நிபந்தனையைச் சுரங்கம் தொடங்குமுன் கேட்பது எளிது. தொடங்கிய பின் கேட்பது அரிது. அவ்வாறு சேர்ந்த சங்கம், சுரங்கம் ஒன்றையே நம்பியிராமல் அருகிலுள்ள நகரச் சந்தையிலும் பாதியளவேனும் விற்று வருதல் வேண்டும். அப்போது சுரங்கம் மூடினாலும் சங்கம் மூடாது.

ஐந்தாவது, பொதுப்பணத்தைத் திட்டத்துடன் கேட்டல். 2015-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, சுரங்கத்தார் சர்க்காருக்குச் செலுத்தும் உரிமைத்தொகையோடு, ஏலத்தில் குத்தகை பெற்றவராயின் அதில் 10 சதவீதமும், முந்திய குத்தகைதாரராயின் 30 சதவீதமும் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குத் தனியே செலுத்த வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஜனங்களின் நன்மைக்கென்றே ஏற்பட்ட நிதி அது. குடிநீர், சுகாதாரம், கல்வி முதலியவற்றுக்கு அதில் முதலிடம் உண்டு; பாசனத்துக்கும் இடமுண்டு. பெரு நாட்டின் நகரசபைகளில் பணம் நிறைந்தும் வீடுகளுக்கு எட்டாமற் போனதை நினைவில் கொள்ள வேண்டும். "எங்கள் ஏரியின் மதகு பழுது, வரத்துக் கால்வாய் இத்தனை கெஜம் தூர்ந்திருக்கிறது, மதிப்பீடு இது" என்று கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, எழுத்து மூலம் அனுப்பும் ஊருக்கே அந்நிதி பயன்படும். வளைவும் மண்டபமும் கட்டுவதற்கு அதனைக் கேட்பது, மழைநீரைச் சல்லடையில் பிடிப்பதை ஒக்கும்.

இவ்வைந்தையும் செய்வதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஓர் அளவுகயிறு, ஒரு நோட்டுப் புத்தகம், ஊரார் ஒற்றுமை ஆகியவை போதும். கோடையில் கிணறுகள் அடித்தட்டுக்கு இறங்கும் நாளில் முதல் அளவை எடுத்துக் குறித்து வைப்பது நல்ல தொடக்கமாகும். சுரங்கம் வராமலே போனாலும் அக்குறிப்பு வீணாகாது. எவ்வளவு பயிருக்குத் தண்ணீர் போதும் என்பதை அடுத்த பருவத்தில் அதுவே சொல்லும்.